அகராதி தந்த அறிஞரும் பெயரறியா நோயும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

இலண்டன் மாநகரின் ஒரு தெரு. காலம் பதினெட்டாம் நூற்றாண்டு. பருத்த உடலும், அழுக்கேறிய கோட்டும், தலையில் ஒரு பக்கமாகச் சரிந்த பொய்ம்முடியுமாக ஒரு பெரியவர் நடந்து வருகிறார். தெருவோரத்தில் வரிசையாக நிற்கும் கம்பங்கள் ஒவ்வொன்றின் மீதும் கையை வைத்துவிட்டுச் செல்கிறார். ஒரு கம்பம் தவறிவிட்டது. சற்றுத் தூரம் சென்ற பிறகு அது நினைவுக்கு வருகிறது. நிற்கிறார், திரும்புகிறார், விட்டுப்போன கம்பத்தைத் தொடுகிறார், பிறகுதான் பயணம் தொடர்கிறது.

காண்போர் அவரைப் பித்தர் என்றே எண்ணியிருப்பர். ஆனால் அவர்தாம் ஆங்கில மொழிக்கு மாபெரும் அகராதியை ஆக்கித் தந்த டாக்டர் சாமுவேல் ஜான்சன்!

இலக்கிய மாணவர்கள் எழுத வேண்டிய வரலாற்றை வேதியியல் மாணவனாகிய நான் ஏன் எழுதப் புகுந்தேன் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன்.

பிறப்பும் வறுமையும்

ஜான்சன் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்சன் ஒரு புத்தக வணிகர். பிழைக்குமோ பிழைக்காதோ என்று அஞ்சத்தக்க நிலையில் பிறந்த அக்குழந்தையைக் கண்டமாலை நோய் பற்றியது. அரசியின் கை பட்டால் அந்நோய் தீரும் என்று அந்நாளில் மக்கள் நம்பினர். 1712இல் தாயார் குழந்தையை இலண்டனுக்கு எடுத்துச் சென்று ஆன் அரசியின் கையால் தொடச் செய்தார். நோய் தீரவில்லை. கழுத்தில் தழும்பும், பார்வை மங்கிய கண்ணும், கேளாத காதும் எஞ்சின.

படிப்பில் அவர் சூரர். 1728இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பணம் இல்லை. கிழிந்த காலணியில் விரல்கள் வெளியே தெரிய அவர் நடமாடியதைக் கண்டு இரங்கிய ஒருவர், புதிய காலணி இரண்டை இரவில் அவருடைய அறை வாசலில் வைத்துச் சென்றார். காலையில் அவற்றைக் கண்ட ஜான்சன் சினம் கொண்டு தூக்கி எறிந்துவிட்டார். வறுமையைவிடப் பிறர் இரக்கம் அவரை அதிகம் சுட்டது. ஏறத்தாழ 13 மாதங்களே பயின்று, பட்டம் பெறாமல் 1729 டிசம்பரில் ஊர் திரும்பினார். உதவித்தொகையும் இலவசப் பேருந்துச் சீட்டும் இல்லையேல் நம்மில் எத்தனை பேர் இக்கல்லூரியின் இரண்டாம் ஆண்டைக் கண்டிருப்போம்? ஆகவே இப்பகுதியைப் படிக்கையில் அவர் எனக்கு அயல்நாட்டவராகத் தோன்றவில்லை.

மனத்தின் மீது விழுந்த நிழல்

ஊர் திரும்பிய ஜான்சனைக் கடும் மனச்சோர்வு கவ்வியது. தமக்குப் பித்துப் பிடித்துவிடுமோ என்ற அச்சம் அன்று புகுந்து இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அச்சத்தை ஓட்ட லிச்ஃபீல்டிலிருந்து பர்மிங்காமுக்கு நடந்தே சென்று நடந்தே திரும்புவார். போக வர 30 மைலுக்கு மேல். தம் நிலையை இலத்தீன் மொழியில் எழுதித் தம் ஞானத் தந்தையான மருத்துவர் சுவின்ஃபனிடம் கொடுத்தார். எழுத்தின் அழகில் மயங்கிய மருத்துவர் அதை மற்றவர்களுக்கும் காட்டிவிட்டார். மறைவாகச் சொன்னது ஊரறிந்ததில் ஜான்சன் ஆழமாகப் புண்பட்டார். மனநோயாளி தன் துன்பத்தை ஏன் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

1731இல் தந்தை இறந்தார். 1735இல் தம்மினும் 20 வயது மூத்த கைம்பெண்ணான எலிசபெத் போர்ட்டரை மணந்தார். பள்ளி ஆசிரியர் வேலைக்கு முயன்றபோது, அவருடைய முகக் கோணலையும் உடல் அசைவுகளையும் கண்டால் பிள்ளைகளும் அவற்றைப் பழகிக்கொள்வர் என்று அஞ்சி வேலை தர மறுத்தனர். தாமே ஒரு பள்ளி தொடங்கினார். வந்த மாணவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகராக விளங்கிய டேவிட் காரிக். 1737இல் ஆசிரியரும் மாணவருமாக இருவரும் பிழைப்புத் தேடி இலண்டனுக்குப் புறப்பட்டனர்.

அகராதி என்னும் அரும்பணி

இலண்டனில் ஜான்சன் எழுதிப் பிழைத்தார். 1746இல் புத்தக வணிகர்கள் ஒன்றுகூடி, 1,575 பவுன் ஊதியத்தில் ஆங்கில அகராதிப் பணியை அவரிடம் ஒப்படைத்தனர். மூன்றாண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை விழுங்கியது. கஃப் சதுக்கத்து வீட்டின் மாடியறையில் ஆறு உதவியாளர்கள் மேற்கோள்களைப் படி எடுக்க, பொருள் எழுதும் பணியை ஜான்சன் ஒருவரே செய்தார். 1752இல் மனைவி மறைந்தார். பேரகராதி 1755 ஏப்ரல் 15ஆம் நாள் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 42,000 சொற்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்! பட்டம் பெறாமல் வெளியேறியவருக்கு ஆக்ஸ்போர்டே முதுகலைப் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

1762இல் ஆண்டுக்கு 300 பவுன் அரசு உதவித்தொகை கிடைத்த பின்னரே வறுமை அகன்றது. அகன்றபின் அவர் வீடு ஏழைகளின் புகலிடமாயிற்று. பார்வையற்ற மூதாட்டி அன்னா வில்லியம்சும், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த லெவெட்டும் அவர் வீட்டிலேயே வாழ்ந்தனர். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பரை வளர்த்துப் படிக்க வைத்துத் தம் உடைமையின் பெரும்பகுதியை அவருக்கே எழுதி வைத்தார்.

நண்பர்கள் கண்ட விந்தைகள்

1763இல் ஜான்சனைச் சந்தித்த ஜேம்ஸ் பாஸ்வெல், அவருடைய ஒவ்வொரு சொல்லையும் செயலையும் குறித்து வைத்து, 1791இல் உலகப் புகழ்பெற்ற வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். அதில் ஒரு காட்சி. வாசலைக் கடக்கும்போது குறிப்பிட்ட இடத்திலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை அடிகளில், குறிப்பிட்ட கால் முதலில் செல்லுமாறு ஜான்சன் கவனத்தோடு நடப்பாராம். கணக்குத் தவறினால் பின்னே சென்று மீண்டும் தொடங்குவாராம். சரியாக முடிந்தபின் ஒரு பெருஞ்சுமை இறங்கியவர்போல் விரைந்து வந்து உடன் வருவோருடன் சேர்ந்து கொள்வாராம்.

ஓவியர் ஜாஷுவா ரெனால்ட்சின் தங்கை பிரான்சிஸ் ரெனால்ட்சும் இத்தகைய வாசற்படிச் சடங்குகளை எழுதி வைத்துள்ளார். அச்சடங்கு முடியும்வரை, உடன் வந்த பார்வையற்ற வில்லியம்சு அம்மையார் படியில் தடுமாறி நிற்பதும் உண்டாம். மற்றோர் ஓவியர் ஹோகார்த், ஒரு நண்பர் வீட்டுச் சன்னலோரம் தலையை ஆட்டிக்கொண்டு நின்ற ஜான்சனைக் கண்டு, உறவினர் ஆதரவில் விடப்பட்ட மூளை வளர்ச்சியற்றவர் என்று நினைத்துவிட்டார். அடுத்த நொடி அவ்வுருவம் முன்வந்து சொல்மாரி பொழியத் தொடங்கியதும் ஓவியர் திகைத்துப்போனார்.

இவ்வளவையும் செய்தவர் அறிவிலியா? அன்று. அவை பொருளற்றவை என்பது அவருக்கே தெரியும். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு சிறுமி துணிந்து கேட்டபோது, தீய பழக்கம் என்று அமைதியாகச் சொல்லி, அவளும் அத்தகைய பழக்கத்துக்கு ஆளாகாமல் இருக்குமாறு அறிவுறுத்தினார். அறிவுக்குத் தெரிகிறது, ஆனால் அறிவின் சொல்லைக் கைகால்கள் கேட்பதில்லை. இந்நோயின் கொடுமை இதுதான்.

உள்ளே நடந்த போர்

வெளியே தெரிந்த சடங்குகளைவிட உள்ளே நடந்த போர் கொடியது. அவர் மறைந்த பின் 1785இல் வெளிவந்த அவருடைய பிரார்த்தனைக் குறிப்புகளில், மனச்சாட்சியின் ஓயாத உறுத்தல்களிலிருந்து விடுவிக்குமாறு இறைவனை அவர் மீண்டும் மீண்டும் வேண்டுவதைக் காண்கிறோம். இந்த உறுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், கூரிய சிறு கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காலணிக்குள் புகுந்த சிறு கல்லைப்போல, நடக்கும்தோறும் குத்துவது அது. சமயம் தந்த அந்தச் சொல் அவரிடம் இருந்தது. மருத்துவம் தரவேண்டிய சொல்லோ அன்று பிறக்கவே இல்லை. மொழியிலுள்ள சொல்லுக்கெல்லாம் பொருள் எழுதியவருக்குத் தம் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை!

ஜாஷுவா ரெனால்ட்ஸ் ஒன்றைக் கூர்ந்து கண்டார். உரையாடலில் ஈடுபட்டிருக்கும்போது ஜான்சனிடம் அந்த அசைவுகள் இல்லை. தனித்துச் சிந்தனையில் ஆழும்போதே அவை தோன்றின. கடந்தகாலச் செயல் ஏதோ ஒன்றைக் கண்டித்து விலக்குவதுபோல் அவை இருந்தன என்பது ரெனால்ட்சின் கருத்து. வேண்டாத நினைவு வருகிறது; அதைத் துடைக்க ஒரு செயல் நிகழ்கிறது. மருத்துவர் எவரும் சொல்லாததை ஓவியர் ஒருவர் அன்றே கண்டுகொண்டார் எனலாம்.

1766இல் திரேல் என்னும் வணிகரும் அவர் மனைவி ஹெஸ்டரும் ஜான்சனைக் காணச் சென்றபோது, அவர் மண்டியிட்டுத் தம் அறிவு கலங்காமல் காக்குமாறு கதறிக்கொண்டிருந்தார். அவரை ஸ்டிரெட்டமிலிருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று சில மாதங்கள் வைத்துக் காத்தனர். மனம் கலங்கும்போதெல்லாம் ஜான்சன் கணக்குப் போடுவார். நாட்டின் கடனை வெள்ளியாக மாற்றினால் பூமியைச் சுற்றி ஒரு வளையம் செய்யலாமா என்றுகூடக் கணக்கிட்டிருக்கிறார்! அந்த வீட்டில் அவருக்கு ஒரு சிறு வேதியியல் கூடமும் அமைத்துத் தந்தனர். பிள்ளைகள் சூழ நிற்க, அவர் கொதிக்கும் உலையோடு விளையாடுவதைக் கண்டு அஞ்சிய வீட்டுக்காரர் பின்னர் அதை மூடிவிட்டார். வேதியியல் மாணவன் என்ற முறையில் இச்செய்தியைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

நோயின் பெயரும் வடிவங்களும்

ஜான்சன் 1784 டிசம்பர் 13இல் மறைந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குத் தெரியாத பெயரை மருத்துவ உலகம் மெல்ல மெல்லத் தேடியது. 1838இல் பிரெஞ்சு மருத்துவர் எஸ்குய்ரோல், பிறர் பொருள் ஏதேனும் தன் ஆடையில் ஒட்டிக்கொண்டதோ என்று அஞ்சி ஆடையை உதறுவதும் கைகளைக் கழுவுவதுமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் நிலையை விவரித்தார். தன் அச்சம் பொருளற்றது என்று அப்பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. 1877இல் ஜெர்மானியரான வெஸ்ட்பால், அறிவு தெளிவாக இருக்கையிலேயே விருப்பத்துக்கு மாறாகப் புகும் எண்ணங்கள் என இதற்கு இலக்கணம் வகுத்தார். 1903இல் பிரான்சின் பியர் ஜானே இதுபற்றிப் பெருநூல் எழுதினார். இன்று ஓ.சி.டி. என்றும், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும் இதனை அழைக்கிறோம்.

இந்நோய்க்கு முகங்கள் பல. அழுக்கும் கிருமியும் ஒட்டிவிடும் என்று அஞ்சிக் கழுவிக்கொண்டே இருப்பது ஒன்று. பூட்டினோமா, அணைத்தோமா என்ற ஐயத்தால் திரும்பத் திரும்பப் பார்ப்பது மற்றொன்று. ஒழுங்கு, சமச்சீர், எண்ணிக்கை, தொடுதல் என்று ஒரு கணக்குச் சரியாகும்வரை செய்வது மூன்றாவது. இறைவனைப் பழிப்பது, அன்புடையோருக்குத் தீங்கு செய்வது போன்ற வேண்டாத எண்ணங்கள் தாமே புகுந்து வதைப்பது நான்காவது. பயனற்ற பொருள்களைச் சேர்த்துக் குவிப்பதும் முன்பு இதன் வடிவமாகவே கருதப்பட்டது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு அதைத் தனி நோயாகப் பிரித்துவிட்டது.

சுத்தம் பார்ப்பவர்களுக்கே இந்நோய் என்பது பலரின் எண்ணம். ஜான்சனைப் பாருங்கள்! வெளுத்த சட்டையில் அவருக்கு நாட்டமே கிடையாது. அவருடைய பொய்ம்முடி மெழுகுவர்த்தியில் கருகிக் கிடக்கும். கழுவும் வகை அவரிடம் இல்லை. தொடுதலும் எண்ணிக்கையும் மனச்சாட்சியின் உறுத்தலுமே இருந்தன. 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய மருத்துவர் மரே, ஜான்சனின் உடல் அசைவுகளும் ஒலிகளும் டூரெட் நோய்க்குப் பொருந்துவதை எடுத்துக்காட்டினார். அந்நோயும் எண்ணச் சுழற்சியும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதுண்டு. இறந்தவரைச் சோதித்து முடிவு கூற இயலாது என்றாலும், சான்றுகள் காட்டும் திசை இதுவே.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

1978இல் இலண்டனில் ராக்மனும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வு நடத்தினர். நோயற்றவர்களில் பெரும்பாலோருக்கும் அதே விபரீத எண்ணங்கள் வந்து போகின்றன என்று கண்டனர். அப்படியானால் வேறுபாடு எங்கே? மற்றவர் அந்த எண்ணத்தைப் போக விடுகின்றனர். நோயாளியோ அதைப் பெரும்பொருளாகக் கொண்டு, அழிக்க ஒரு செயலைத் தேடுகிறார். செயல் முடிந்தவுடன் அச்சம் தணிகிறது. தணிந்த அந்த நொடியே வலை! செயலைச் செய்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் பாடம் கற்கிறது. அடுத்த முறை இன்னும் வலுவாகக் கேட்கிறது. உப்பு நீர் குடித்துத் தாகம் தீர்ப்பது போலத்தான்.

1966இல் விக்டர் மேயர் என்னும் உளவியலாளர் இந்த வலையை அறுக்க ஒரு வழி கண்டார். அஞ்சும் பொருளை எதிர்கொள்ளச் செய்து, சடங்கை மட்டும் தடுத்தார். அச்சம் ஏறியது, பின்னர்த் தானாகவே இறங்கியது. 1960களின் இறுதியில் குளோமிப்ரமின் என்னும் மருந்தும் பயன் தருவது தெரியவந்தது. 1992இல் பாக்ஸ்டரும் உடன் பணியாற்றியோரும் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, மருந்தால் குணமடைந்தவரிடமும் பயிற்சியால் குணமடைந்தவரிடமும் மூளையின் ஒரே பகுதியில் ஒத்த மாற்றம் தெரிந்தது. மனப்பயிற்சி மூளையையே மாற்றுகிறது என்பது எத்துணை பெரிய உண்மை!

ஜான்சன் இவ்வழியில் பாதித் தொலைவைத் தாமே கடந்திருந்தார். துன்புறுத்தும் எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காதே, மனத்தை வேறிடம் திருப்பு, வேண்டுமானால் வேதியியல் படி அல்லது கயிற்றின் மேல் நடக்கப் பழகு என்ற கருத்துப்பட 1776இல் பாஸ்வெலுக்கு அவர் அறிவுரை கூறினார்.

உட்டாக்சிடர் சந்தையில்

ஜான்சன் இளைஞராக இருந்தபோது, உட்டாக்சிடர் என்னும் ஊரின் சந்தையில் தம் புத்தகக் கடையைப் பார்த்துக்கொள்ளுமாறு நோயுற்ற தந்தை ஒருநாள் வேண்டினார். கடையில் நிற்பதைக் கேவலமாக எண்ணி மகன் மறுத்துவிட்டார். ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து, புகழின் உச்சியில் இருந்த முதியவர் ஜான்சன் அச்சந்தைக்குச் சென்று, கடை இருந்த இடத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொட்டும் மழையில் நெடுநேரம் நின்றார்.

என் தந்தையார் வாரச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துக் காய்கறி விற்பவர். கல்லூரி நண்பர்களுடன் செல்கையில் அந்தச் சந்தைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனவன் நான். இப்பகுதியைப் படித்த அன்று நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். உண்மையான தவறுக்கு வருந்துவது வேறு. நோய் தரும் குற்ற உணர்வு வேறு. முன்னதற்கு ஒருமுறை மழையில் நின்றால் ஆறுதல் உண்டு. பின்னதற்கு நூறு கம்பங்களைத் தொட்டாலும் ஆறுதல் இல்லை. இவ்விரண்டையும் ஒரே மனிதரின் வாழ்வில் கண்டபோதுதான் எனக்கு வேறுபாடு விளங்கியது.

நான் எழுதிய காரணம்

முதலாண்டில் எனக்கு ஒரு வழக்கம் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் எரிவாயுக் குழாயை மூடியதைக் கண்ணால் கண்டபின்னும், பேருந்து நிறுத்தம்வரை சென்று திரும்பி வந்து பார்ப்பேன். முதலில் ஒருமுறை, பிறகு மூன்று முறை, பிறகு ஐந்து முறை. கூடம் பூட்டியிருந்தால் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட நாள்களும் உண்டு. மிகுந்த பொறுப்புள்ள பையன் என்று பிறர் பாராட்டியபோது உள்ளுக்குள் அழுதேன். வீட்டில் சொன்னால் பேய் பிடித்தது என்பார்களோ, நண்பர்களிடம் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று வாய் திறக்கவில்லை. நூலகத்தில் தற்செயலாக ஜான்சன் வரலாறு கையில் கிடைத்தது. கம்பத்தைத் தொடத் திரும்பிச் சென்ற அந்தப் பெரியவரிடம் நான் என்னைக் கண்டேன். அத்தனை பெரிய அறிவாளிக்கே இது வந்தது என்றால், எனக்கு வந்ததில் வெட்கம் என்ன?

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தனியாகச் சென்றேன். மருத்துவர் பொறுமையோடு கேட்டார். இதற்குப் பெயர் உண்டு, மருத்துவம் உண்டு என்றார். இந்நோய் பெரும்பாலும் நம் வயதிலோ அதற்கும் முன்னரோதான் தலைகாட்டுகிறது என்றும் விளக்கினார். ஒருமுறை மூடு, திரும்பிப் பார்க்காமல் நட, நெஞ்சு படபடத்தால் படபடக்கட்டும் என்பதே எனக்குத் தரப்பட்ட பயிற்சி. முதல் வாரம் நரகமாக இருந்தது. இப்போது பெரும்பாலான நாள்களில் முதல் பேருந்திலேயே வீடு சேர்கிறேன். சில நாள்களில் இன்னும் தோற்கிறேன். மறுநாள் மீண்டும் முயல்கிறேன்.

நண்பர்களே! பல நாடுகளின் கணக்கெடுப்புகளின்படி நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. நம் கல்லூரியிலும் என்னைப்போல் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் கேலிக்கு அஞ்சி மறைத்துக்கொண்டிருப்பர். ஜான்சனுக்குக் கிடைக்காத பெயரும் மருந்தும் பயிற்சியும் இன்று அரசு மருத்துவமனையிலேயே நமக்குக் கிடைக்கின்றன. வாய் திறந்து சொல்வது ஒன்றே நாம் செய்ய வேண்டுவது. கேட்போர் சிரிக்காமல் கேட்பது மற்றவர் செய்ய வேண்டுவது. இருந்த நோயோடும் உழைத்து ஒரு மொழிக்கே அகராதி தந்தார் அப்பெருமகனார். நாம் நம் பட்டத்தையேனும் பெற்று வெளியேற வேண்டாமா?